கம்பியில்லாக் கருவியைப் பேசவைப்பது எப்படி?

சென்ற கோடை விடுமுறையில் ஒருநாள் மாலை, எங்கள் தெருவில் பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் மாணவி ஒருத்தி, பழைய மடிக்கணிப்பொறி ஒன்றை அணைத்துப் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவளுடைய அண்ணன் பயன்படுத்தி ஒதுக்கிவிட்ட பொறி அது. ஆமை வேகத்தில் ஓடிக்கொண்டிருந்த அதில் அவள் தானாகவே லினக்ஸ் நிறுவியிருந்தாள். திரை பளிச்சென்று வந்தது. விசைப்பலகை வேலை செய்தது. ஒலியும் கேட்டது. ஒன்றே ஒன்றுதான் இல்லை. திரையின் மூலையில் இருக்கவேண்டிய வைஃபை அடையாளத்தைக் காணோம்.

"கடையில் காட்டினேன் சார். வைஃபை அட்டை போய்விட்டது, புதிதுதான் போடவேண்டும் என்கிறார்கள். அப்பா, 'இருந்ததையும் கெடுத்துவிட்டாயே' என்று கோபித்துக்கொண்டார்" என்றாள்.

"லினக்ஸ் போடுவதற்கு முதல்நாள் வரை வைஃபை வேலை செய்ததா அம்மா?"

"செய்தது சார்."

"பொறி கீழே விழுந்ததா? தண்ணீர் பட்டதா?"

"இல்லை சார்."

அப்படியானால் கடைக்காரரின் முடிவை நாம் அப்படியே ஏற்றுக்கொள்ளக் கூடாது. வட்டில் எழுதியிருந்த நிரல்களை அழித்து வேறு நிரல்களை எழுதியதால் ஓர் அட்டையிலுள்ள டிரான்சிஸ்டர்கள் கருகிப் போவதில்லை. அட்டை பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கவேண்டும். அது ஏன் பேசவில்லை என்பதே கேள்வி. லினக்ஸை முதன்முதலாக நிறுவும் பலர் இந்தக் கேள்வியைச் சந்தித்திருக்கிறார்கள். நாளை நீங்களும் சந்திக்கலாம். விடை காண்பதற்கு, அந்தச் சிறிய அட்டைக்குள் என்ன நடக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வோம்.

காற்றில் வரும் அலை

வைஃபை என்பது வானொலியின் தம்பிதான். இரண்டிலும் செய்தியைச் சுமந்து வருபவை மின்காந்த அலைகளே. வேறுபாடு அதிர்வெண்ணில் இருக்கிறது. மத்திய அலை வானொலியில் 1,000 கிலோ ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 300 மீட்டர். வைஃபையில் பரவலாகப் பயன்படும் 2.4 கிகா ஹெர்ட்ஸ் அலையோ நொடிக்கு 240 கோடி முறை அதிர்கிறது. ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்துப் பாருங்கள். அலைநீளம் 12.5 சென்டிமீட்டர் என்று வரும். அரைச் சாணுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அதில் கால்பங்கு நீளமுள்ள அலைவாங்கி, அதாவது ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் கம்பித் துண்டு, இந்த அலையைப் பிடிக்கப் போதும். அதனால்தான் மடிக்கணிப்பொறியின் மூடிக்குள்ளேயே அலைவாங்கியை ஒளித்துவைக்க முடிகிறது.

பக்கத்து அறையிலுள்ள வைஃபைப் பெட்டியிலிருந்து நம் பொறிக்கு வந்து சேரும் ஆற்றல் எவ்வளவு தெரியுமா? ஒரு வாட்டில் நூறு கோடியில் ஒரு பங்கு இருந்தாலே அது நல்ல வரவேற்பு! இத்தனை மெல்லிய முணுமுணுப்பைக்கூடக் கேட்டுப் புரிந்துகொள்ளும் கருவி, நம் மாணவியின் பொறியில் ஊமையாய்க் கிடந்தது.

அட்டைக்குள் ஒரு குட்டி மூளை

வைஃபையில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. ஒரு செய்தித் துண்டு பழுதின்றி வந்து சேர்ந்தால், பெற்றவர் உடனே 'கிடைத்தது' என்று பதில் அனுப்பவேண்டும். எவ்வளவு நேரத்தில்? 2.4 கிகா ஹெர்ட்ஸ் பட்டையில், செய்தி முடிந்து 10 மைக்ரோ வினாடி கழிந்ததும் பதில் கிளம்பிவிட வேண்டும். அதற்குள் ஒளியே 3 கிலோமீட்டர்தான் போகமுடியும். பதில் வராவிட்டால், அனுப்பியவர் செய்தி தொலைந்துவிட்டதென்று கருதி மீண்டும் அனுப்பத் தொடங்கிவிடுவார்.

கணிப்பொறியின் பெரிய மூளையோ ஒரே சமயத்தில் நூறு வேலைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் சரியாக 10 மைக்ரோ வினாடியில் திரும்பிப் பார்க்க அதனால் உறுதி சொல்ல முடியாது. ஆகவே இந்த அவசர வேலைக்கென்று வைஃபை அட்டையிலேயே ஒரு சிறிய மூளையை வைத்திருக்கிறார்கள். அந்தக் குட்டி மூளைக்கான நிரலுக்கு ஃபர்ம்வேர் என்று பெயர்.

இங்கேதான் ஒரு வேடிக்கை இருக்கிறது. பெரும்பாலான வைஃபை அட்டைகளில் இந்த நிரலை நிலையாக எழுதிவைப்பதில்லை. நிலையான நினைவகத்துக்கு ஆகும் செலவு மிச்சம், பிழை இருந்தால் நிரலை மாற்றுவதும் எளிது என்பதே காரணம். ஆகவே மின்சாரம் நின்றால் குட்டி மூளை படித்ததையெல்லாம் மறந்துவிடும். ஒவ்வொரு முறை பொறியை இயக்கும்போதும் அதற்கு 'அ, ஆ' விலிருந்து பாடம் சொல்லிக் கொடுத்தாக வேண்டும்.

இடையில் ஒரு துபாஷி

பாடம் சொல்லிக் கொடுப்பவர் யார்? அவருக்கு டிரைவர் என்று பெயர். தமிழில் இயக்கி எனலாம். அந்நாளில் வெள்ளைக்கார வணிகருக்கும் நம் ஊர் மக்களுக்கும் இடையே நின்று, இரண்டு மொழியும் தெரிந்து பேசியவரைத் துபாஷி என்றார்கள். இயக்கியும் ஒரு துபாஷிதான். ஒரு பக்கம் லினக்ஸின் மையப் பகுதியாகிய கெர்னலோடு பேசும். மறுபக்கம் அட்டையோடு அட்டையின் மொழியில் பேசும். ஒவ்வொரு வகைச் சில்லுக்கும் அதனதன் மொழி தெரிந்த இயக்கி வேண்டும்.

ஆகவே வைஃபை வேலை செய்ய ஒரு சங்கிலி முழுமையாக இருக்கவேண்டும். அட்டை கண்ணில் படவேண்டும். அதன் இயக்கி வந்து சேரவேண்டும். ஃபர்ம்வேர் அட்டைக்குள் இறங்கவேண்டும். அலைபரப்பி திறந்திருக்கவேண்டும். கடைசியாக, அதற்குக் கேட்கக்கூடிய அலைவரிசையில் யாராவது பேசவேண்டும். சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் வெளியே தெரியும் அறிகுறி ஒன்றுதான்: வைஃபை இல்லை. காய்ச்சல் என்று வருபவருக்கு எந்த நோய் என்று மருத்துவர் சோதித்துப் பார்ப்பது போல, நாமும் ஒவ்வொரு கண்ணியாகச் சோதிக்கவேண்டும்.

ஐந்து கேள்விகள்

லினக்ஸில் 'டெர்மினல்' என்னும் சன்னலைத் திறந்து கட்டளைகளைத் தட்டலாம். கீழே வரும் கட்டளைகளின் ஆங்கில எழுத்துகளை எல்லாம் சிறிய எழுத்தில், இடையில் புள்ளியோ இடைவெளியோ இல்லாமல் தட்டவேண்டும்.

முதல் கேள்வி: அட்டை இருக்கிறதா? பொறிக்குள் பொருத்திய அட்டையானால் எல்-எஸ்-பி-சி-ஐ என்றும், யூஎஸ்பி துளையில் செருகும் கருவியானால் எல்-எஸ்-யூ-எஸ்-பி என்றும் தட்டுங்கள். இணைந்துள்ள கருவிகளின் பட்டியல் வரும். அதில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண்கள் உண்டு. யூஎஸ்பி பட்டியலில் அவை தாமாகவே தெரியும். மற்றப் பட்டியலில் அவற்றைப் பார்க்க, கட்டளைக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடும் இரண்டு 'என்' எழுத்துகளும் சேர்க்கவேண்டும். முதல் எண் தயாரிப்பாளரையும் இரண்டாவது எண் சில்லின் வகையையும் குறிக்கும். எடுத்துக்காட்டாக, 14ஈ4 என்பது பிராட்காம் நிறுவனத்தின் எண். நடுவில் 'ஈ' என்னும் ஆங்கில எழுத்து எப்படி வந்தது? இது பதினாறடிமான எண். அதில் 'ஈ' என்றால் 14. நம் வழக்கமான பத்தடிமானத்தில் எழுதினால் இது 5,348 ஆகும். கணக்கிட்டுச் சரிபாருங்கள்.

பெட்டியின் மேல் அச்சிட்ட பெயரைவிட இந்த எண்களே நம்பத் தக்கவை. ஒரே பெயரில் விற்கும் கருவிக்குள், இந்த ஆண்டு ஒரு சில்லும் அடுத்த ஆண்டு வேறொரு சில்லும் இருப்பதுண்டு. இன்னொரு விந்தையும் உண்டு. சில யூஎஸ்பி கருவிகள் செருகியவுடன் தம்மை ஒரு குறுந்தகடு போலக் காட்டிக்கொள்ளும். விண்டோஸுக்கான இயக்கியை அந்தப் பொய்த் தகட்டில் வைத்திருப்பார்கள். யூஎஸ்பி மோடுசுவிட்ச் என்னும் சிறு நிரல் அந்த வேடத்தைக் கலைத்து, அவற்றை வைஃபை கருவிகளாக மாற்றிவிடும்.

இரண்டாம் கேள்வி: இயக்கி வந்ததா? முன்சொன்ன எல்-எஸ்-பி-சி-ஐ கட்டளைக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடும் 'கே' எழுத்தும் சேர்த்தால், ஒவ்வொரு கருவிக்கும் எந்த இயக்கி வேலை செய்கிறது என்பது தெரியும். வைஃபை அட்டைக்குக் கீழே அப்படி எதுவும் இல்லையென்றால், அந்தச் சில்லுக்கான இயக்கியைத் தேடவேண்டும். தேடும்போது அந்த இரண்டு எண்களையே கொடுத்துத் தேடுங்கள்.

மூன்றாம் கேள்வி: ஃபர்ம்வேர் இறங்கியதா? கெர்னல் தான் செய்வதையெல்லாம் ஒரு நாட்குறிப்பில் எழுதிவருகிறது. டி-எம்-ஈ-எஸ்-ஜி என்னும் கட்டளை அதைப் படித்துக் காட்டும். மேலாளர் அனுமதி கேட்டால் கட்டளைக்கு முன் எஸ்-யூ-டி-ஓ என்று தட்டி ஓர் இடைவெளி விடுங்கள். அந்தக் குறிப்பில், 'ஃபர்ம்வேரை ஏற்ற முடியவில்லை, பிழை எண் -2' என்னும் பொருளில் ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். யூனிக்ஸ் மரபில் பிழை எண் 2 என்றால் 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்று பொருள். ஆசிரியர் வந்துவிட்டார், பாடப்புத்தகம்தான் வரவில்லை!

நான்காம் கேள்வி: அலைபரப்பி திறந்திருக்கிறதா? ஆர்-எஃப்-கே-ஐ-எல்-எல் என்று தட்டினால் இரண்டு வகைப் பூட்டுகளின் நிலை தெரியும். ஒன்று மென்பொருள் போடும் பூட்டு. இதைக் கட்டளையாலேயே திறக்கலாம். மற்றொன்று வன்பொருள் பூட்டு. மடிக்கணிப்பொறியின் விளிம்பிலுள்ள சிறு சுவிட்சோ, விசைப்பலகையில் அலைவாங்கிப் படம் போட்ட விசையோ அதைப் போட்டிருக்கும். என்ன கட்டளை தட்டினாலும் அது திறக்காது. கையால்தான் திறக்கவேண்டும்.

ஐந்தாம் கேள்வி: கேட்கக்கூடிய இடத்தில் யாராவது பேசுகிறார்களா? 2.4 கிகா ஹெர்ட்ஸ் மட்டுமே தெரிந்த பழைய அட்டைக்கு, 5 கிகா ஹெர்ட்ஸில் மட்டும் பேசும் பெட்டி இருப்பதே தெரியாது. 2.4 பட்டையிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அதில் முதல் அலைவரிசை 2,412 மெகா ஹெர்ட்ஸில் இருக்கிறது. அடுத்தடுத்தவை 5 மெகா ஹெர்ட்ஸ் இடைவெளியில் வருகின்றன. 12, 13-ஆம் அலைவரிசைகளில் எல்லா நாடுகளிலும் ஒரே விதி இல்லை. எந்த நாட்டில் இருக்கிறோம் என்று பொறிக்குத் தெரியாதபோது, அது அந்த அலைவரிசைகளில் தானாகப் பேசத் தொடங்காது. பெட்டியை 1, 6, 11 ஆகியவற்றில் ஏதாவது ஒன்றுக்கு மாற்றிவைத்தால் தொல்லை தீரும்.

பெட்டிக்குள் சாவி

இனி நம் மாணவியிடம் வருவோம். முதல் கட்டளையைத் தட்டியதுமே வைஃபை அட்டையின் பெயரும் எண்களும் திரையில் வந்தன. அவள் முகம் மலர்ந்தது. செத்துப்போன அட்டை தன் எண்ணைச் சொல்லாதல்லவா? இரண்டாம் கேள்விக்கும் விடை கிடைத்தது. இயக்கி தன் இடத்தில் இருந்தது. மூன்றாம் கேள்வியில் பிடிபட்டது குற்றவாளி. பிழை எண் -2. ஒரு சிறிய கோப்பு இல்லை, அவ்வளவுதான்.

"அந்தக் கோப்பை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம்" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். "இணையம் வருவதற்குத்தானே சார் அந்தக் கோப்பு வேண்டும்?"

உண்மைதான். சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பெட்டியைப் பூட்டிய கதை! இதற்கு இரண்டு வழிகள் உண்டு. வேறொரு கணிப்பொறியில் கோப்பை இறக்கி, பென் டிரைவில் கொண்டுவரலாம். அல்லது கைபேசியை யூஎஸ்பி கம்பியால் பொறியோடு இணைத்து, கைபேசியின் அமைப்புகளில் 'யூஎஸ்பி டெதரிங்' என்பதை இயக்கலாம். அப்போது கைபேசி, பொறியின் கண்ணுக்குக் கம்பி வழி வலையமைப்பு அட்டை போலத் தெரியும். அதற்கான இயக்கி பெரும்பாலும் லினக்ஸோடு கூடவே வந்துவிடுகிறது. நாங்கள் இரண்டாம் வழியையே பின்பற்றினோம். உரிய ஃபர்ம்வேர் தொகுப்பை நிறுவி, பொறியை மீண்டும் இயக்கினோம். மூலையில் வைஃபை அடையாளம் முளைத்தது. அக்கம்பக்கத்து வீட்டுப் பெட்டிகளின் பெயர்கள் வரிசையாக எழுந்து நின்றன. ஓர் உருபாயும் செலவில்லை.

ஏன் இந்தத் தொல்லை?

"அந்தக் கோப்பை முதலிலேயே லினக்ஸோடு கொடுத்திருக்கலாமே சார்?" என்று அவள் கேட்டாள். நல்ல கேள்வி.

1991-இல் ஃபின்லாந்து நாட்டு மாணவர் லைனஸ் டார்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், எவரும் படித்துப் பார்த்து மாற்றக்கூடிய நிரல். ஆனால் சில்லுகளைச் செய்யும் நிறுவனங்கள் பல, தம் சில்லின் மொழியை வெளியே சொல்லவில்லை. ஃபர்ம்வேரின் மூல வடிவத்தையும் தரவில்லை. சில நிறுவனங்கள் அதைப் பிறர் பகிரவும் அனுமதிக்கவில்லை. எல்லாமே திறந்திருக்கவேண்டும் என்னும் கொள்கையுடைய டெபியன் போன்ற லினக்ஸ் வெளியீடுகள் இத்தகைய கோப்புகளைத் தனியே ஒதுக்கிவைத்தன. இதனால் புதியவர்கள் படும் தொல்லையைக் கண்டு, 2022-இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்கெடுப்பு நடத்தினார்கள். அதன்படி, பகிர அனுமதியுள்ள ஃபர்ம்வேர்கள் 2023-இல் வந்த டெபியன் 12 முதல் நிறுவும் வட்டிலேயே வருகின்றன. ஆகவே புதிய வெளியீட்டை நிறுவுவோருக்கு இந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்துவிட்டது. மாணவி நிறுவியதோ அண்ணன் என்றோ எடுத்துவைத்திருந்த பழைய வெளியீடு ஒன்றை.

ஒரு சில்லின் மொழியை எவரும் சொல்லித் தராதபோது லினக்ஸ்காரர்கள் என்ன செய்தார்கள்? பிராட்காம் சில்லுகளின் கதையைக் கேளுங்கள். ஒரு குழுவினர், நிறுவனத்தின் இயக்கி அந்தச் சில்லுக்கு என்னென்ன சொல்கிறது என்று ஆராய்ந்து, அதன் மொழியை விளக்கமாக எழுதினார்கள். அந்த இயக்கியைப் பார்த்தேயிராத மற்றொரு குழுவினர், விளக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு புதிதாக ஓர் இயக்கி எழுதினார்கள். நகல் எடுத்தார்கள் என்ற பழி வரக்கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. அந்த இயக்கி 2006 ஜூனில் வந்த 2.6.17 கெர்னலில் இடம்பெற்றது. அதன் வழித்தோன்றலாகிய பி43 என்னும் இயக்கி 2008 ஜனவரியில் வந்தது. 2010 செப்டம்பரில் பிராட்காம் நிறுவனமே தன் புதிய சில்லுகள் சிலவற்றுக்குத் திறந்த இயக்கியை வெளியிட்டது.

இந்தப் பணியில் பல ஆண்டுகள் உழைத்தவர்களுள் ஒருவர் லாரி ஃபிங்கர் என்னும் அமெரிக்கர். அவர் தொழிலால் கணிப்பொறியாளர் அல்லர், படிகவியல் அறிஞர். வாஷிங்டனில் கார்னகி நிறுவனத்தின் புவி இயற்பியல் ஆய்வுக்கூடத்தில், கனிமப் படிகங்களுக்குள் அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டுள்ளன என்று ஆராய்ந்தவர். எல் சல்வடோர் நாட்டின் இசால்கோ எரிமலையில் கிடைத்த ஒரு கனிமத்துக்கு 'ஃபிங்கரைட்' என்று அவர் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். 2005 முதல் அவர் வைஃபை இயக்கிகளில் ஈடுபட்டார். பிராட்காமில் தொடங்கி, ரியல்டெக் சில்லுகள் பலவற்றுக்கும் இயக்கிகளைச் சீர்செய்து தந்தார். 2024 ஜூனில், 84-ஆம் வயதில் அவர் மறைந்தார். விலை குறைந்த வைஃபை கருவியைச் செருகியதும் லினக்ஸில் அது வேலை செய்கிறதென்றால், அதில் அவருடைய உழைப்பும் கலந்திருக்கலாம்.

படிகவியல் அறிஞருக்கு வைஃபை சில்லில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு அதில் வியப்பில்லை. படிகத்துக்குள் இருக்கும் அணுவை எவரும் கண்ணால் பார்த்ததில்லை. எக்ஸ்-கதிரை அனுப்புகிறோம். அது சிதறி வரும் கோலத்தைப் பார்த்து உள்ளே இருப்பதைக் கணிக்கிறோம். மூடிய சில்லும் அப்படித்தான். ஒரு கேள்வி அனுப்பு, பதிலைக் கவனி, உள்ளே என்ன இருக்கவேண்டும் என்று கணி, மீண்டும் கேட்டுச் சரிபார். நம் மாணவி ஐந்து கேள்விகளில் செய்ததும் இதைத்தான்.

நீங்களும் செய்து பாருங்கள்

லினக்ஸ் உள்ள பொறி கிடைத்தால் முதல் மூன்று கட்டளைகளைத் தட்டிப் பாருங்கள். அவை செய்தியைப் படித்துக் காட்டுபவை மட்டுமே. எதையும் மாற்றமாட்டா. வைஃபை அட்டையின் இரண்டு எண்களையும், இயக்கியின் பெயரையும் உங்கள் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். பொறி நன்றாக வேலை செய்யும்போதே எழுதிவைத்தால், பழுதாகும்போது அது பயன்படும். 6-ஆம் அலைவரிசையின் அதிர்வெண் என்ன, அலைநீளம் என்ன என்று கணக்கிடுங்கள். 12.3 சென்டிமீட்டர் வந்தால் சரி.

ஓர் எச்சரிக்கை. எங்கோ படித்த கட்டளையை, பொருள் தெரியாமல் மேலாளர் அனுமதியோடு தட்டாதீர்கள். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். ஐந்தை மாற்றிய பிறகு வேலை செய்தால், எது செய்தது என்று ஒருபோதும் தெரியாது. ஆய்வுக்கூடத்தில் நான் என் மாணவர்களுக்குச் சொல்வதும் இதுவே.

மறுவாரம் அந்த மாணவி மீண்டும் வந்தாள். இம்முறை கூடவே அவளுடைய தோழி ஒருத்தி, கையில் இன்னொரு பழைய மடிக்கணிப்பொறி. "இவளுடையதிலும் வைஃபை வரவில்லை சார். இதில் நான்காம் கேள்வி. ஓரத்திலுள்ள சுவிட்சை யாரோ தள்ளிவிட்டிருக்கிறார்கள். நானே கண்டுபிடித்துவிட்டேன். உங்களிடம் சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தோம்" என்றாள்.